நாக்கைக் கடித்து வாங்கிய தண்ணீர்

ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் விடைக்கு அன்றைய சந்தை விலை, ஒரு ரீச்சரின் நாக்கு. சுகந்தினி ரீச்சர் பேரம் பேசாமல் கொடுத்தார்.

ஊருக்குப் பெயர் தண்ணீரூற்று. பள்ளிக்கூடக் குழாயில் வருவதோ வெறும் காற்று. கிணற்றுப் பம்பு இரைந்ததே தவிர இறைக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடப் புறப்பட்ட அதிபர் செல்வநாயகத்தை மறித்தவர் விஞ்ஞானம் படிப்பிக்கும் இந்தச் சுகந்தினி ரீச்சர்தான்.

"எட்டாம் வகுப்புக் கழற்றிப் பாக்கட்டும் சேர். கொப்பியில கீறின பம்பு தண்ணி இறைக்காது."

"இடைவேளைக்குள்ள தண்ணி வரவேணும். வராட்டி மெக்கானிக் வருவான், நீங்கள் கரும்பலகையோட நிக்கவேணும். பிறகு கழற்றுற பூட்டுற கதையே வேண்டாம்."

பிள்ளைகள் கழற்றினார்கள், அடைத்திருந்த மண்ணை வழித்தார்கள், பூட்டினார்கள். குழாயின் அடியில், கிணற்றுக்குள் கிடக்கும் வால்வில்தான் பிழை நடந்தது. மேலே இருக்கவேண்டிய றப்பர் மூடியைக் கீழே வைத்துப் பூட்டிவிட்டார்கள். ரீச்சர் கண்டார். ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால் பம்பு ரீச்சருடையதாகிவிடும். அந்தச் சொல் வெளியே வராமல் நாக்கைக் கடித்தார்.

வன்னித் தோட்டக்காரன் எவனும் சொல்வான், பம்பும் யாவாரம் மாதிரி, முதல் போடாமல் லாபம் தராது என்று. முதலில் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பவேண்டும். பிள்ளைகளில் தர்சன் வாளி வாளியாக ஊற்றினான். குழாய் நிரம்புவதாயில்லை.

"என்னடா, கிணத்துக்கே தண்ணி விக்கிறியோ?" என்றாள் வினோஜா.

"நீ வந்து ஊத்தன் பாப்பம்."

அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பிழையைச் சொல்லிக் குடுங்கோவன் ரீச்சர்."

"பிள்ளையள் சொல்லுவினம் சேர்."

வினோஜா குழாயில் காது வைத்தாள். "பொறு. ஊத்திற தண்ணி நேர கிணத்துக்க விழுது. மூடி தாங்கேல்லை." கொஞ்சம் யோசித்தாள். "எப்பிடித் தாங்கும்? அது மேல திறக்கவேணும். நாங்கள் கீழ திறக்க வச்சிட்டம்."

குழாயை இழுத்தெடுத்து மூடியை மாற்றினார்கள். இம்முறை குழாய் நிரம்பி வழிந்தது. ரீச்சர் சுவிச்சைப் போட்டார். பள்ளிக்கூடக் குழாய் இருமியது, சேறு துப்பியது, பிறகு கிட்ட நின்ற அதிபரின் வெள்ளைச் சேட்டில் முழுவேகத்தில் பாய்ந்தது. பிள்ளைகளின் கூச்சல் அடங்கிய பிறகுதான் இடைவேளை மணி கேட்டது.

சேட்டைப் பிழிந்தபடி அதிபர் சொன்னார்: "என்ர கந்தோர் அறையில ஃபானும் சுத்துதில்லை ரீச்சர். உங்கட ஆக்கள் எப்ப வருவினம்?"

அன்றைய கணக்கில் வரவு, ஊருக்குப் பெயர் சொல்லும் தண்ணீர். செலவு, ஒரு வெள்ளைச் சேட்டும் கொஞ்சம் நாக்கும். மிச்சம், எல்லாம் பூட்டி முடித்த பிறகும் தர்சனின் உள்ளங்கையில் ஒரு நட்டு. அது எங்கே கழன்றதென்று ரீச்சருக்குத் தெரியும். சொல்லவில்லை.