காலி

ஷர்மினி காரிலிருந்து இறங்கும்போதே ரத்தக் குழாய்களும் ஊசியும் கையில் இருந்தன. கால்நடைப் பரிசோதனைக் கூடத்துப் பெண்.

"காளி எங்கண்ணே? மறுபடி ரத்தம் எடுக்கணும்."

குணாளன் சாணம் வழித்துக்கொண்டிருந்தான். மண்வெட்டி நின்றது.

"எதுக்கு?"

"சினையான மாட்டுக்கு மறுபடி பாப்போம்ணே. சிலது ஆரம்பத்துலயே கலைஞ்சிரும்."

கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அவன் மனைவி பிரேமலா எழுந்து வந்தாள். இரண்டு கட்டுத்தறிகள் வெறுமையாகக் கிடந்தன. ஒன்று செவலையினுடையது. மற்றது காளி நின்ற இடம். தாய் செத்துப்போன கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்து, தன் கையாலேயே காளியை வளர்த்தவள் பிரேமலா.

"சினையா?" என்றாள். "ரெண்டும் சினை இல்லேன்னு சொல்லித்தானே இவரு மாட்டு யாவாரி ஹம்சாகிட்ட ஏத்தி விட்டாரு?"

ஷர்மினி குணாளனைப் பார்த்தாள். "செவல காலின்னுதானேண்ணே சொன்னேன்?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கன்று உருவானால் தாயின் ரத்தத்தில் ஒரு புரதம் கலக்கும். வயிறு தெரியுமுன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். முதல் தடவை வந்தபோது அந்தப் பெண் இதையெல்லாம் விளக்கிவிட்டு, சினை பிடிக்காத மாட்டை 'ஓப்பன்' என்றாள். குணாளன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஓப்பன்னா? கதவா தொறந்து கெடக்கு? தமிழச்சிதானே நீ, தமிழ்ல பேசு லா!" பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து போயிற்று.

முடிவு சொல்ல அவள் அழைத்தபோது அவன் செனாயில் ஒரு தொழிற்சாலை வாசலில், மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலுக்கு நடுவே நின்றான். "எது எது சினை இல்ல?" என்று கத்தினான். "செவல காலிண்ணே. இன்னொண்ணு..." என்றாள் அவள், 'ஓப்பன்' என்பதைத் தமிழாக்கி. அவன் காதில் விழுந்தது செவலை, காளி. இரண்டு பெயர். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேலி செய்தவன், புரியவில்லை என்று எப்படிக் கேட்பது? "போதும், புரியுது" என்று துண்டித்துவிட்டான்.

இப்போது ஹம்சாவை அழைத்தான். பிரேமலா கைப்பேசியைப் பிடுங்கி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள்.

"அந்தக் கறுப்பு மாடு... அடா லாகி?" இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

"சூடா போத்தோங் லா, பாங்."

வெட்டியாகிவிட்டது என்றான் ஹம்சா. இந்தச் சொல்லைத் தப்பாகக் கேட்க வழியில்லை.

மாட்டை ஹம்சாவிடம் கொடுத்தால் எங்கே போகும் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'ஏத்தி விட்டாச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சினை மாட்டை ஏற்றினான் என்று இனி ஊரே பேசும்.

"என் தமிழ் சரியில்லண்ணே," என்றாள் ஷர்மினி. கண் கலங்கியிருந்தது. "காலிங்கறத கொசோங்னு மலாய்லயே சொல்லியிருக்கணும். என் தப்புதான். சாரிக்கா."

அவன் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவள் பழியை எடுத்துக்கொண்டது அவனுக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருக்கிறது என்று தெரிந்ததும் காது மடல் சுட்டது.

பிரேமலா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொல்வானா என்றுதான் பார்த்தாள். சொல்லவில்லை என்றதும் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"உன் தமிழுக்கு என்னம்மா கொறச்சல்? ஓப்பன்னே சொல்லு இனிமே. கதவு தொறந்து கெடக்கான்னு எவனாவது கேட்டா, ஆமான்னு சொல்லு. எங்க வீட்டுல இப்ப அப்படித்தான் கெடக்கு."

ஷர்மினி ஊசியை உறைக்குள் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தாள். குணாளன் குழாயைத் திறந்து, காளி நின்ற இடத்தைக் கழுவ ஆரம்பித்தான்.

"அதை நேத்தே கழுவியாச்சு," என்றாள் பிரேமலா.

அவன் கழுவிக்கொண்டே இருந்தான்.