சேவுகன் பார்க்காத இறுதி ஆட்டம்

புதுவயலில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வாலிபால் குழு வைத்திருந்த ஆலை ஒன்றே ஒன்றுதான். அறுபத்தாறாம் வருஷம் அதன் முதலாளி நாச்சியப்பன் செட்டியார் பினாங்கிலிருந்து திரும்பியபோது பெட்டிக்குள் ஒரு வலையும் இரண்டு பந்தும் இருந்தன. எதற்கு வாங்கினார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆலைக்குப் பின்னால் உமி கொட்டுகிற பொட்டலைச் சுத்தம் செய்து, இரண்டு கம்பு நட்டு வலையைக் கட்டச் சொன்னார். மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர், எஞ்சின் பார்க்கிறவர் என்று ஆறு பேர் தேறினார்கள். ஏழாவது ஆள் சேவுகன். அவர் ஆடியது ஒரு நாள்தான். அன்றைக்குப் பந்தைக் கையால் வாங்காமல் மூக்கால் வாங்கினார். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்றவர், அடுத்த ஏழு வருஷமும் கோட்டுக்கு வெளியேதான் நின்றார்.

ஆலையில் அவருக்கு நெல் அவிக்கிற வேலை. தொட்டியில் ஊறிய நெல்லுக்கு ஆவி விட்டு, நெல் வாய் பிளக்கிற பதம் பார்த்து இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் அரிசி நொறுங்கும், பிந்தினால் நாறும். சேவுகன் ஒரு தடவைகூடத் தப்பவிட்டதில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரோடும் வாய்ச்சண்டை கிடையாது. அவர் மனைவி வீரலட்சுமி தன் பிறந்த வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது, அந்த ஒரு பழக்கம்தான் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள். கேட்கிறவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள்.

தேவகோட்டை, திருப்பத்தூர், காரைக்குடி என்று குழு எங்கே போனாலும் லாரியின் பின்னால் சேவுகன் நிற்பார். பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவார்கள். எதிரணி நன்றாக ஆடியதுதான் காரணம் என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. மேற்கு வெயில் கண்ணில் அடித்திருக்கும், வலை ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், நடுவருக்கு எதிரணிக் காப்டன் சித்தப்பா மகனாக இருப்பான். எந்தத் தோல்வியையும் தேதியோடு சொல்லுவார். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லுவார்.

சந்தோஷம் இல்லாமலும் இல்லை. தேவகோட்டையில் ஒரு தரம் பதிமூன்றுக்கு நான்கு என்று கிடந்த செட்டை நம் ஆட்கள் பதினைந்துக்குப் பதிமூன்று என்று திருப்பினார்கள். கடைசிப் பந்து விழுந்ததும் சேவுகன் பக்கத்தில் நின்ற மனிதரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். இறக்கிவிட்ட பிறகுதான் அவர் தேவகோட்டைக்காரர் என்று தெரிந்தது. அடுத்த இரண்டு செட்டும் போய்விட்டன. ஆனால் சேவுகன் அந்த ஒரு செட்டைச் சொல்லும்போது, அதற்குப் பிறகு அந்தப் பொட்டலில் எதுவுமே நடக்காததுபோல் அங்கேயே நிறுத்திக்கொள்வார்.

அவர் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டுமானால், தங்கை கருப்பம்மாள் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவளைக் கண்டரமாணிக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் மகளுக்குக் காது குத்துகிற நாளும் திருப்பத்தூர்ப் போட்டியும் ஒரே நாளில் வந்தன. காலையில் ஆட்டம், பதினொன்றரைக்குக் காதுகுத்து, ஒரே ரோட்டில் இரண்டு ஊர். தாராளமாகப் போய்விடலாம் என்று சேவுகன் கணக்குப் போட்டார். அன்று பார்த்து ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனது. தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய பிள்ளையை, நல்ல நேரம் தாண்டுகிறதென்று ஒன்றுவிட்ட மாமன் ஒருவன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். பட்டுப்பாவாடையும் தோடும் வைத்த தட்டோடு சேவுகன் வந்து நின்றபோது பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. தங்கை தட்டை வாங்கி உள்ளே வைத்தாள். அதன் பிறகு மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. அந்த ஆட்டத்திலும் தோல்விதான்.

எழுபத்திரண்டில் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து சேதுபதி என்று ஒரு பையன் மூட்டை தூக்க வந்தான். ஆறடிக்கு மேல் இருந்தான். ஆறு பேரில் ஒருவர் விலகிக்கொள்ள, அவர் இடத்தில் ஆடினான். அவன் வலைக்கு மேல் எழும்பி அடித்தால் எதிரில் நிற்பவர்கள் பந்தைத் தேடாமல் தங்கள் பல்லைத் தேடினார்கள். குழு ஜெயிக்கத் தொடங்கியது. சிக்கலும் அதிலிருந்துதான் தொடங்கியது. சேவுகன் காய்ச்சலில் படுத்திருந்தபோது நடந்த பள்ளத்தூர் ஆட்டத்தில் வெற்றி. அவர் நெல் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தபோது நடந்த அறந்தாங்கி ஆட்டத்திலும் வெற்றி. அவர் நின்ற காரைக்குடி ஆட்டம் தோல்வி. தேவகோட்டையிலும் நின்றார், அங்கேயும் தோல்வி. இதை முதலில் யார் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவன் கவனித்த பிறகு மற்ற ஐந்து பேருக்கும் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

எழுபத்து மூன்றில் பொங்கல் கழிந்த வாரம் கண்டனூரில் பெரிய போட்டி அறிவித்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். அதற்கு முந்தின வாரம் குழுவின் காப்டன் பெரியகருப்பன் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழத்தோடு சேவுகன் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்போல் தட்டை நீட்டினார். சேவுகனும் அழைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, கண்டனூர் ஆட்டத்துக்கு..." என்று இழுத்தார் பெரியகருப்பன்.

"மூணு நாளும் லீவு சொல்லிட்டேன்."

"அதுக்கில்லண்ணே. நீங்க வரவேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சேவுகன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பெரியகருப்பன் தரையைப் பார்த்தபடி பள்ளத்தூரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, பயல்களுக்குத்தான் மனசில் விழுந்துவிட்டது, அவரைக் கண்டாலே சேதுபதிக்குக் கை தடுமாறுகிறது என்றார். சொன்ன ஆட்டங்களில் ஒன்றின் தேதி தப்பாக இருந்தது. சேவுகன் அதை மட்டும் திருத்தினார். பிறகு, வரவில்லை என்று சொன்னார்.

பெரியகருப்பன் தெரு திரும்பும்வரை வீரலட்சுமி பொறுத்திருந்தாள். ஏழு வருஷமாக அவரைப் போகவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"வெயில்ல நின்னு தொண்டை கிழியக் கத்துனவுகளப் பாத்து வராதேன்னு சொல்ல அந்த ஆளு யாரு?" என்றாள்.

"அவுக சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குல்ல."

"என்ன ஞாயம்? நீங்க போகாட்டி இருங்க. நான் போறேன். நான் போயி நிக்கிறேன். எவன் என்ன சொல்றான்னு பாக்குறேன்."

அவள் அதுவரை ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவள்போலக் கண்டனூருக்கு நடந்தாள். வெளியூர்களில் இருக்கும் பெரிய வீட்டுச் செட்டியார்கள் பொங்கலுக்கு வந்து பூட்டைத் திறந்திருந்த சமயம். அவர்கள் வீட்டுப் பெண்கள் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அவள் ஆட்டக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பெரியகருப்பன் பார்த்தார். மதினியிடம் போய்ச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

முதல் சுற்றில் வெற்றி. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது சேவுகன் வாசலிலேயே நின்றார். கேட்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தார். அவளாகவே சொன்னாள்: "அந்த லாரிக்காரரு பந்து வரும்போது கண்ண மூடிக்கிறாரு. அவரு பக்கமாப் பாத்துத்தான் எல்லாரும் அடிக்கிறாக."

சேவுகன் திகைத்துப்போனார். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை அவர் ஆலையில் இருந்தார். லீவு சொல்லியிருந்தாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கண்டனூரில் மைக் செட் கட்டியிருந்தார்கள். புதுவயலுக்கும் கண்டனூருக்கும் நடுவில் தூரம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பாயிண்டுகள் தொட்டிப் பக்கம் வந்து விழுந்தன. ஐந்துக்கு எட்டு. ஐந்துக்குப் பத்து. முதல் செட் போயிற்று. தான் அங்கே போகவில்லைதான், ஆனால் காது அங்கே போய்விட்டது என்று சேவுகனுக்குப் பட்டது. எஞ்சின் அறைக்குப் போய் எண்ணெய்ப் பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார். அடுத்த இரண்டு செட்டும் ஜெயித்தார்கள் என்பது, வீரலட்சுமி வந்து எதிரில் நின்று வாயசைத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. பஞ்சு இலேசில் வெளியே வரவில்லை. கொண்டை ஊசியால் எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். பஞ்சை நம்பி இருக்க முடியாது என்று முடிவு செய்தார். காதுக்கு எட்டாத இடமாகப் போய்விட வேண்டும். எங்கே போவது என்று யோசித்தபோது அவருக்குத் தெரிந்த ஊர்களெல்லாம் ஆட்டம் ஆடிய ஊர்களாகவே இருந்தன. ஆட்டமில்லாமல் போகவேண்டிய இடம் ஒன்றுதான் மிஞ்சியது. கட்டுக்கரும்பும் ஒரு சீப்புப் பழமும் வாங்கிக்கொண்டு காரைக்குடிக்குப் போய் பஸ் மாறிக் கண்டரமாணிக்கத்தில் இறங்கினார்.

வாசலில் அவரைக் கண்டதும் கருப்பம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பந்தைவிட்டு வந்திருக்கிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவளுக்குத் தோன்றியது.

"யாருண்ணே?" என்றாள். "சொல்லிருங்க. மதினியா?"

யாரும் சாகவில்லை, சும்மாதான் வந்தேன் என்று அவளை நம்பவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நம்பியதும் சேவலைப் பிடிக்க ஆள் அனுப்பினாள். ஆறு வயதாகிவிட்ட அவள் மகள் தூணைப் பிடித்துக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் பந்து மாமாவா என்று கேட்டது. ஆமாம் என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

சாப்பிட்டு முடித்தபோது மணி நாலு. அங்கே சர்வீஸ் போட்டிருப்பார்கள். கருப்பம்மாள் எதிரில் உட்கார்ந்து மூன்று வருஷத்துக் குறையையும் சொல்லத் தொடங்கினாள். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்தியதை, மாமியார் சொன்ன சொல்லை, ஒன்றுவிட்ட மாமன் அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் வந்து உரிமை கொண்டாடுவதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சேவுகன் தலையாட்டினார். நாலரை ஆயிற்று. முதல் செட் முடிந்திருக்கும். அஞ்சுக்கு இரண்டாவது. அஞ்சேகாலுக்கு, மூன்றாவது செட் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளே ஏதோ சொன்னது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கருப்பம்மாளும் அழுதாள். "விடுங்கண்ணே, போனது போச்சு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதற்கென்று நினைத்தாளோ அதற்கில்லை என்று சேவுகன் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும் இருந்திருக்கலாம். பிள்ளை வந்து, யாரும் கூப்பிடாமலே, அவர் மடியில் ஏறி உட்கார்ந்து கரும்பு கடித்தது.

பஸ் மாறிப் புதுவயலில் இறங்கியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில் ஆறு பேரும் இருந்தார்கள். எதிரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் பார்த்த முகங்கள். சேவுகனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் இருந்தது. நம்மால் இல்லை, நாம் அங்கே இல்லவே இல்லை என்று நினைத்தபோது சிரிப்பே வந்துவிடும்போல் இருந்தது. அப்போதுதான் சேதுபதியின் இரண்டு முழங்காலும் உரிந்து ரத்தம் காய்ந்திருப்பதைப் பார்த்தார். சேவுகனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன் குழு தோற்றதற்காகச் சந்தோஷப்பட்டது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

பெரியகருப்பன் எழுந்து நின்றார். "தோத்துட்டோம்ணே. மூணாவது செட்டு, பதினஞ்சுக்குப் பதிமூணு."

"நான் கண்டரமாணிக்கத்துல இருந்தேன்," என்றார் சேவுகன். கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் இருந்தது. "சத்தம்கூடக் காதுல விழல."

"தெரியும்ணே." பெரியகருப்பன் அவருக்கும் ஒரு டீ சொன்னார். "மாசியில காரைக்குடில ஆட்டம் இருக்கு. நீங்க வந்துருங்க." பிறகு, சொல்லலாமா என்று யோசித்துச் சொன்னார்: "மதினி வரவேணாம்னு மட்டும் எங்களச் சொல்லச் சொல்லாதீக. எங்களால ஆகாது."

வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. வீரலட்சுமி நல்ல சேலையை மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், கோட்டுக்குள் விழுந்த பந்தை வெளியே விழுந்ததாக நடுவர் சொல்லிவிட்டார் என்றாள். பந்து விழுந்த தடம் மண்ணில் இருந்ததாம். இவள் போய் அதன்மேல் கையை வைத்துக் காட்டினாளாம். பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஆமாம் உள்ளேதான் என்று சொன்னார்களாம். நடுவர் கேட்கவில்லை. அந்த நடுவர் யார் வீட்டு ஆள் என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும் என்றாள்.

அவள் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தாள். சேவுகனுக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய குழு ஆடிய ஒரே இறுதி ஆட்டம், அதில் ஒரு பந்தைக்கூட அவர் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். முதல் சர்வீஸ் யாரு போட்டாக? அங்கயிருந்து சொல்லு."

வீரலட்சுமி எழுந்து உலை வைத்துவிட்டு வந்து சொல்லத் தொடங்கினாள். முதல் செட்டில் பதினைந்துக்கு ஆறு என்று நம் ஆட்கள் ஜெயித்திருந்தார்கள். சேதுபதி அடித்தது, பெரியகருப்பன் விழுந்து எடுத்தது, லாரிக்காரர் ஒரு பந்துக்கு மட்டும் கண்ணைத் திறந்திருந்தது என்று அவள் ஒன்றைக்கூட விடவில்லை. அவர் சிலதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். உலை கொதிக்கிறவரை வீட்டில் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.