துரைக்கு ஒரு கோட்டிங்

ஒன்பது நாளாக அவளுக்கு மூன்று வேலை. குளியலறைச் சுவரை உடைத்துப் போட்டுவிட்டு, குழாய் வாங்குகிறேன், வாஷர் வாங்குகிறேன் என்று கணவன் ஊர் சுற்றினான். செங்கல்லையும் சிமெண்டுத் தூசியையும் அள்ளிக் கொட்டுவது அவள். பழைய நாற்காலி, அலமாரிகளைத் தேய்த்து, பெயிண்ட் அடித்துப் புதிதாக்கிக் கொடுப்பது அவளுடைய தொழில். போதாக்குறைக்குச் சேவல் வேறு படுத்துவிட்டது.

சேவலுக்குத் துரை என்று பெயர். நடை அப்படி. இப்போது துரை கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கொர் கொர்ரென்று மூச்சு இழுத்தது. வேளாவேளைக்கு அவள் மரம் தேய்க்கிற உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு, ஊசி மாட்டாத சிரிஞ்சில் மருந்தும் கரைத்த தீனியும் எடுத்து, அலகைப் பிளந்து ஊற்றினாள். தானாகத் தின்ன ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அது ஒரு மணி தானியம்கூடக் கொத்தவில்லை.

அன்று காலை கணவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "சாயங்காலம் அக்கா வருது. தானா சாகறதுக்குள்ள சேவலை அடிச்சு வை. சட்டிக்காவது ஆகும்."

"மருந்து கேக்குதுங்க. இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்."

"அக்காவே சொல்லிடுச்சு. நடுவுல நீ யாரு? நான் வரும்போது அடிச்சிருக்கணும், அவ்வளவுதான்."

அக்கா சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. நாத்தனார் லேசுப்பட்டவளா? சோப்பையே கழுவிவிட்டுத்தான் கை கழுவுகிற சுத்தக்காரி. ஓசியில் புதுப்பித்துத் தா என்று காலொடிந்த நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனதும் அந்த மகராசிதான். நீலக் கலர் வேண்டுமாம்!

மத்தியானத்துக்குள் நாற்காலிக்கு நீலம் அடித்து முடித்தாள். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிரஷ்ஷும் கையுமாகத் துரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அடிக்கச் சொல்லிட்டாங்க துரை," என்றாள். "அடிச்சிடுவோம்."

சாயங்காலம் அக்காவும் தம்பியும் சேர்ந்தே உள்ளே நுழைந்தார்கள். அவள் பிஸ்கட் தட்டை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"சேவலை அடிச்சாச்சா?" என்று கேட்டான் கணவன்.

"ஆச்சுங்க. ஒரு கோட்டிங்."

மூலையில் துரை நீல வாலோடு நின்றது. தண்ணீரில் கரைகிற பெயிண்ட், இறகு நுனியில் மட்டும்.

"கருமம், கருமம்!" நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பெயிண்ட் பட்டதை மனுஷன் வாயில வைப்பானா?"

"வைக்க வேணாம்னுதான் அண்ணி."

"வாய் நீண்டுபோச்சுடி உனக்கு!" கணவன் கத்தினான். "நாளைக்கு நானே கழுவிட்டு அறுக்கறேன் பாரு."

"கழுவுங்க. மறுபடி அடிப்பேன். தினம் அடிப்பேன். பதினோரு வருஷமா இந்த வீட்டுல நான் சொன்னது ஒண்ணாவது நடந்திருக்கா? இது நடக்கும்."

நாத்தனாருக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பிஸ்கட் நொறுங்கித் தூள் காலடியில் உதிர்ந்தது. துரை தள்ளாடித் தள்ளாடி வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு துணுக்கைக் கொத்தி விழுங்கியது. பிறகு இன்னொன்று.



"ஐயையோ, காலைக் கொத்தப் போவுது! தூக்குடி இதை!"

"கொத்தட்டும் அண்ணி," என்றாள்.