அரக்கு வைத்த பரங்கிக்காய்

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவருக்கு, கைப்பிடி இல்லாத பொருளே உலகத்தில் கிடையாது. கொல்லையில் விளைந்த பரங்கிக்காய்களையும் காம்பைப் பிடித்துப் பெட்டி தூக்குவதுபோலத்தான் தூக்கி வந்தார். காய் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். பாதிக் காம்புகள் கையோடு வந்துவிட்டன. காம்பு போன காய் தாங்காது, சீக்கிரம் அழுகிவிடும்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. விட்டால் கொல்லை போய்விடும். பரங்கி படர்ந்ததிலிருந்து துணி உலர்த்த இடமில்லாமல் தவித்தவள் அவள். "மழை வர்ற வரைக்கும் எல்லாக் காயும் நல்லா இருந்தா கொல்லை உங்களுக்கு. ஒண்ணு அழுகினாலும் எல்லாத்தையும் பிடுங்கிட்டு என் கயித்தைக் கட்டிடுவேன்" என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். அதனால் மனிதர் காம்பு முறிந்த காயத்திலெல்லாம் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி, கட்டிலுக்கடியில் அடுக்கிவிட்டார்.

நாற்றம் மெல்ல எழுந்தது. அவள் முதலில் சாக்கடையைச் சந்தேகித்தாள். பிறகு செத்த எலியை. பிறகு கட்டிய கணவரை.

"ஏங்க, காலைக் கழுவிட்டுப் படுங்க. நாத்தம் தாங்கலை."

"இதோ, கழுவிடறேன்மா" என்று அவர் ஓடினார்.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. கல்யாணமான நாளிலிருந்து சொன்னவுடன் கால் கழுவிய மனிதரா அவர்?

விடிந்ததும் குனிந்து ஒரு காயை இழுத்தாள். அது தவளை வயிறுபோலத் தளதளத்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் எச்சிலாக நூல் விட்டது. பூஞ்சை தாடி வளர்த்திருந்தது. ஜன்னலோர சீட்டுக் கிடைத்த பயணிகள்போலப் புழுக்கள் சாவகாசமாக நெளிந்தன.

"சீ, கருமம்! இதுக்கு மேலயா நான் படுத்துக் கிடந்தேன்?"

"அழுகலைம்மா. லேசா வேர்த்திருக்கு."

"வேர்த்திருக்கா? ஊர்ப் பிணமெல்லாம் எழுந்து வந்து மூக்கைப் பொத்தும்!"

"அரக்கு சீலைப் பாரு, உடையவே இல்லை. சீல் உடையாத பார்சல் நல்ல பார்சல். அதான் ரூல்."

அவள் கட்டை விரலை அந்த முத்திரையின்மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

உள்ளே புளித்துக் கிடந்த காற்றுக்கு அது போதுமாயிருந்தது. அரக்கு துப்பாக்கிக் குண்டாகப் பறந்தது. பின்னாலேயே மஞ்சள் கூழ் கூரைவரை எழும்பியது. சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி அதை வாங்கி, திரைச்சீலை, போர்வை, அலமாரிப் புடவை, அவருடைய திறந்த வாய் என்று ஓரவஞ்சனை இல்லாமல் விநியோகித்தது.

வீட்டிலிருந்த துணி அத்தனையும் துவைத்தாக வேண்டும். உலர்த்த இடம்?

அவர் துப்பிக்கொண்டே கொல்லைக்குப் போய்ப் பரங்கியை வேரோடு பிடுங்கினார். கயிற்றையும் அவரே இழுத்துக் கட்டினார்.

மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வாளியோடு வந்தவள் முடிச்சை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"இதுல மட்டும் அரக்கு வெச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்."