கிளாறிஸின் நாற்பது நிமிடம்

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கல்லடியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்த மாடி அலுவலகத்தில் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு எழுதிய கணினிக் கோட் முழுவதையும் கிளாறிஸிடம் ஒப்படைக்க வேண்டும். அவள் அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, தன் கணினியில் ஓடவிட்டு, எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். எந்த வகுப்புக்கு எந்த நேரம் எந்தப் பாடம் என்று பள்ளிக்கூடங்களுக்கு நேரசூசி போட்டுக் கொடுக்கும் மென்பொருள் அவர்களுடையது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் நேரசூசியையும் மறுபடி போட்டுப் பார்த்துத்தான் சோதனை முடியும். அதற்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். ஆறு வருடமாக இதுதான் நடைமுறை.

அந்த நாற்பது நிமிடமும் கிளாறிஸோடு யாரும் பேச மாட்டார்கள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பதாக நினைத்திருந்தார்கள். பாவம், நல்ல பிள்ளைகள். திரை தன்பாட்டில் ஓடும். கிளாறிஸ் பார்த்தது ஜன்னலை.

நாலு மணி வெயிலில் வாவி பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வரும். கண்டல் மரங்களின் நிழல் கரையை விட்டு உள்ளே உள்ளே நீளும். அந்த நிழலுக்குள் அவள் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். முதல் வருடம் வாசல் மட்டும்தான். பிறகு ஓர் அறை, அதற்கொரு ஜன்னல், போன மாதம் மேலே போகப் படிக்கட்டு. அவள் ஏறும்போது படிகள் இலேசாக அசையும். சுவரில் வெளிச்சம் நெளியும். சாப்பாட்டு மேசைக்கு மேலால் மீன்கள் ஆறுதலாக நீந்திப் போகும். எங்கிருந்தும் ஒரு குரல் கேட்காது. டவுனில் இருந்த அவளுடைய நிஜமான வீட்டில் புருஷன் ஹோரேஸ், அவனுடைய அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். விடிந்தால் பொழுதுபட்டால் அங்கே எதற்கெடுத்தாலும் எல்லோரும் கிளாறிஸைத்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் நாளைக்கு ஒரு தடவையாவது யாருக்கும் எதுவுமாக இல்லாமல் இருக்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

ஆனி மாதம் ஒருநாள், நிறுவனத்தை நடத்தும் றஜீவன் அவளைக் கூப்பிட்டான்.

“கிளாறிஸ் அக்கா, இனி இத நீங்க கையால செய்யத் தேவல்ல. சி.ஐ. சேர்வர் ஒண்டு போடுவம். ஆர் கோட் அனுப்பினாலும் அதுவே எடுத்து ஓட்டிப் பாத்து, பிழையெண்டா அந்த நேரமே சொல்லும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்ர விவரமெல்லாம் இரிக்கிறதால வெளிய குடுக்க ஏலா, எங்கட ஒபிசிலயே நிக்கோணும். எது நல்லமெண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

“ஓம் தம்பி” என்றாள் கிளாறிஸ். தன் வீட்டுக்குத் தானே பூட்டு வாங்கப் போன மாதிரி இருந்தது அவளுக்கு.

மூன்று வாரம், மூன்று சேர்வர்களைப் பழைய கணினி ஒன்றில் ஏற்றிப் பார்த்தாள். மூன்றுக்கும் மனதுக்குள் பெயரும் வைத்தாள். முதலாவது பெரியவர். உலகமெல்லாம் தெரிந்தவர், எந்த வேலைக்கும் ஒரு துணைநிரல் வைத்திருப்பார். ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று கோபித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் வேண்டும். இரண்டாவது சீமாட்டி. பார்க்க அழகு, ஆனால் கணினியின் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்டாள். மூன்றாவது சின்னவள். செய்ய வேண்டியதை ஒரே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும், அலுவலகத்துக் கணினிகளுக்கெல்லாம் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். பெரியவருக்கும் பிரித்துக் கொடுக்கத் தெரியும். கிளாறிஸ்தான் அதை அவருக்குப் பழக்கவில்லை.

பெரியவருக்கு முப்பத்தெட்டு நிமிடம் பிடித்தது. சின்னவளுக்கு ஒன்பது.

ஒன்பது நிமிடத்தில் அந்த வாவி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக்கூட நேரம் காணாது. கிளாறிஸ் அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அறிக்கையில் அதற்கு முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்தாள். முப்பத்தொன்பது. கீழே, முதலாவதே உகந்தது என்று ஒரு வரி எழுதினாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் பெண், ஆறு வருடத்தில் ஒருவருடைய பிழையையும் மறைக்காதவள். அறிக்கையை றஜீவனுக்கு அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை காலை றஜீவன் அந்தக் கடைசி வரியை மட்டும் பார்த்தான்.

“நீங்க எழுதினா மறுகா என்னத்தப் பாக்கிற? அதையே போடுவம்.”

அவன் கேள்வி கேட்டிருந்தால் சமாளித்திருப்பாள், நாலைந்து பதில் ஆயத்தமாக வைத்திருந்தாள். அவனோ நம்பிவிட்டான்.

அன்று நாலு மணிக்கும் வெயில் சாய்ந்தது, நிழல் நீண்டது. வீடு மட்டும் வரவில்லை. தண்ணீர், ஒரு தோணி, அதில் நின்று வலை வீசும் ஒருவர், அவ்வளவுதான். கண்ணை மூடிப் படிக்கட்டை நினைத்துப் பார்த்தாள். வெறும் இருட்டு. நாற்பதாவது நிமிடம் திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

பிழை கம்சாயினியுடையது. உன்னிச்சையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அவளுடைய கோட் ஓர் ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்கு அனுப்பியிருந்தது. இரண்டு நிமிடத்தில் திருத்திவிட்டாள். திருத்தியது சரியா என்று பார்க்க இன்னொரு நாற்பது நிமிடம். பச்சை வரும்போது ஐந்தரை ஆகப் போயிற்று.

“அஞ்சு அஞ்சுக்கு வாற பஸ் போயிட்டு அக்கா” என்றாள் கம்சாயினி, மணி சொல்வது போல. பிறகு போனை எடுத்தாள். “அப்பா, வந்து ஏத்துங்களன். வயல் வட்டையிலயா நிக்கிறீங்க? இண்டைக்கா எங்கட தண்ணி முறை?” மறுமுனையில் அவர் ஏதோ சொன்னார். “அப்ப அது இனி அடுத்த கிழமைதானே. சரி, வாங்க.”

சின்னவள் இருந்திருந்தால் நாலு ஒன்பதுக்குச் சிவந்து, நாலு இருபதுக்குப் பச்சையாகி, இந்தப் பிள்ளை இந்நேரம் பஸ்ஸில் பாதித் தூரம் போயிருப்பாள். அவளுடைய அப்பா வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார். கிளாறிஸ் திரையை அணைத்தாள். எழுந்து றஜீவனின் மேசைக்குப் போனாள். கம்சாயினிக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

“தம்பி, அந்த அறிக்கையில பொய் ஒண்டு இரிக்கு. மூண்டாவதுக்கு ஒம்பது நிமிசம்தான். நான்தான் மாத்தி எழுதின.”

“பிழையா அடிபட்டிரிக்கும் அக்கா.”

“இல்ல. தெரிஞ்சுதான் எழுதின.”

றஜீவன் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். “ஏன்?”

“அந்த நாப்பது நிமிசத்தில நான் ஒண்டும் செய்யிறல்ல. வாவியப் பாத்துக்கொண்டு இரிக்கிறன். எனக்கெண்டு வேற நேரமில்ல.”

பொய்யை ஒப்புக்கொண்டதைவிட இதைச் சொன்னதுதான் அவளுக்குக் கூடுதல் வெட்கமாக இருந்தது.

“கேட்டிரிக்கலாமே. வேணாமெண்டா சொல்லியிரிப்பன்?”

“கேட்டுப் பழக்கமில்ல தம்பி.”

அவன் அறிக்கையைத் திறந்து அந்த மூன்றை அழித்தான். “இனி நீங்க எழுதுறத முழுக்க வாசிக்கோணும் நான்” என்றான். சிரிக்கவில்லை. அது அவளுக்குச் சுட்டது. கம்சாயினியின் அப்பா மோட்டார் சைக்கிளில் வரும்வரை கிளாறிஸ் அவளோடு வாசல் கேற்றடியில் நின்றாள்.

திங்கட்கிழமை சின்னவள் வேலைக்கு வந்துவிட்டாள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒருவரும் எழுதுவதை நிறுத்தவில்லை. கோட் போகப் போகப் பச்சை வந்துகொண்டே இருந்தது. கிளாறிஸையும் ஒருவரும் பார்க்கவில்லை. அவளுக்கு வேறு வேலை தந்திருந்தார்கள். நாலே கால் வரை அதைச் செய்தாள். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

“கடைக்கா அக்கா?” என்றாள் கம்சாயினி. “இரிங்க, நான் வாங்கிட்டு வாறன்.”

தலையிடி, பார்மசி, பிள்ளையின் டியூஷன் என்று எத்தனையோ சாட்டு அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“இல்ல புள்ள. சும்மா.”

நாற்பத்தாறு வயதில் அந்தச் சொல்லைத் தனக்காக அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. கம்சாயினி தலையை ஆட்டிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினாள். கிளாறிஸ் படியிறங்கிக் கரைக்குப் போய், தண்ணீர் காலில் படும் இடத்தில் உட்கார்ந்தாள். காரணம் ஏதும் இல்லாமல் அங்கே இருக்கிறோம் என்று நினைத்ததும் அழுகை வந்தது. ஐந்து மணி வரை அவள் மேலே போகவில்லை.