முப்பத்தொன்றாம் தேதிக் கதவு

“கதவு இல்லாத வீட்ட முடிஞ்ச வீடுன்னு எப்பிடி டீச்சர் எழுதுறது? நாளைக்கு ஆடிட்டுல என்னையத்தான கேப்பாக” என்றார் பஞ்சாயத்து கிளார்க் செம்மலை. சாக்கோட்டை போகும் சாலையில் நாங்கள் கட்டிய வீட்டின் வாசலில், கதவு இருக்க வேண்டிய இடத்தில் என் பழைய சேலை தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தேதி 1999 மார்ச் இருபத்தொன்பது.

வீட்டுக்கடன் என் பேரில். வட்டிக்கான வரிக் கழிவைப் பதினைந்தாயிரத்திலிருந்து முப்பதாயிரமாக உயர்த்திவிட்டார்கள் என்று பேப்பரில் படித்த அன்றைக்கு, ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தவள் நான். அப்புறம்தான் பள்ளி கிளார்க் குருநாதன் குண்டைத் தூக்கிப் போட்டார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வீடு முடிந்து, குடியும் போயிருந்தால்தான் இந்த வருஷத்துக் கழிவு கிடைக்குமாம். பஞ்சாயத்தில் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். ‘போனாப் போகுது, விடு’ என்றார் என் கணவர் இமானுவேல். அவர் யாரிடமும் மல்லுக்கு நிற்க மாட்டார். அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் நின்றாக வேண்டும். சட்டப்படி எனக்கு உள்ளதை நான் எதற்கு விட வேண்டும்?

எங்களுக்கு அது பரிசுத்த வாரம். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். “குடி போம்மா, வேணாங்கல. மேளதாளம், கறிச்சோறு, தீர்த்தம் தெளிச்சு வீடு மந்திரிக்கிறது எல்லாம் ஈஸ்டருக்குப் பெறகு” என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் முடிந்தது. முடியாதது ஆசாரி ஆசைத்தம்பி பக்கம். புதுக்கதவு இழைத்துத் தயாராக அவர் பட்டறையில் சாய்ந்து நின்றது. பங்குனியில் தலைவாசல் கதவு மாட்ட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். மறுநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டறைக்கே போய்விட்டேன்.

“எனக்குப் பங்குனியெல்லாம் கிடையாதுண்ணே. நாங்க வேதக்காரவுக.”

“உங்களுக்கு இல்ல, சரி. மாட்டுற கை என்னோடதுல்ல டீச்சரம்மா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொல்வது நியாயமாக இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அப்புறம் தானாகவே சிரித்தார்.

“புதுக் கதவுதான மாட்டக்கூடாது? என்னைக்கோ நல்ல நாள் பாத்து மாட்டுன கதவுக்கு இன்னொரு நாள் எதுக்கு?”

காரைக்குடியில் அவர் மச்சான் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டைப் பிரித்தபோது வந்த கதவு ஒன்று அங்கே கிடந்தது. சித்திரை பிறக்கும் வரை இரவலாகக் கேட்டு, மறுநாள் விடிந்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வாசல் நிலையைவிட ஒரு சாண் குட்டை. நடுவில் செதுக்கிய கஜலட்சுமி, அதற்குக் கீழே தட்டுவதற்கு ஒரு பித்தளை வளையம்.

“ஈஸ்டருக்குச் சாமி வந்து பாத்தாருன்னா?” என்று இமானுவேல் மெல்லக் கேட்டார்.

“யானை ரெண்டும் தண்ணிதான ஊத்துது? அவரும் தண்ணிதான தெளிப்பாரு” என்றார் ஆசைத்தம்பி, கீலுக்கு ஆணி அடித்துக்கொண்டே. நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பானை நழுவப் பார்த்தது.

மத்தியானத்துக்குள் கட்டில், பாத்திரம், மாதா படம் எல்லாம் வந்து சேர்ந்தன. அடுப்பு மூட்டித் தவக்காலக் கஞ்சி வைத்தேன். பருப்புத் துவையல் அரைத்தேன். நாலு மணிக்குச் செம்மலை வந்தார். கதவைத் திறந்தார், சாத்தினார், மேலே இருந்த ஒரு சாண் இடைவெளியை அண்ணாந்து பார்த்தார்.

“அது காத்துக்கு” என்றார் ஆசைத்தம்பி.

செம்மலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லோரும் புதுத்தரையில் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். அவர் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த இமானுவேல், “பவுலினு, சீல் இல்லையே” என்றார். காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மணி அஞ்சாகப் போகிறது, இன்றைக்கு விட்டால் இந்த வருஷத்துக் கழிவு போச்சு. அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

“டீச்சர், செம்மலை. சீல் வைக்க மறந்துட்டேன். உள்ள வரலாமா?”

பதினோரு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு நேரே அடுப்படி வரைக்கும் வருவார். உள்ளே வரலாமா என்று வெளியே நின்று என்னிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. தாழ்ப்பாளுக்கு நீண்ட இமானுவேலின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இருங்க. இன்னொரு தடவ தட்டட்டும்.”

வெளியே செம்மலை செருமினார். பித்தளை வளையம் கதவில் மெதுவாக இரண்டு முறை மோதியது.