‘ஸ்கெல்ப்’ என்றால் அடியா, ஓட்டமா?

நீதிமன்ற எழுத்தர் வாக்குமூலத்தை வாசித்து முடித்ததும், சாட்சிக் கூண்டில் நின்ற டைனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பாலத்தின் மேல் அம்ப்ரோஸ் ஆல்டர்சன் ஈனோக் கிழவரை அடித்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்ததாக அவள் சொன்னாளாம். கீழே அவளுடைய கைநாட்டு.

அவள் அப்படிச் சொல்லவேயில்லை.

பத்து நாளைக்கு முன், தரையெல்லாம் பனி உறைந்துகிடந்த காலையில், ஊசி நூல் விற்கும் ஈனோக், ஸ்வேல் ஆற்றுப் பாலத்தில் மண்டை உடைந்து விழுந்தார். இன்னும் நினைவு திரும்பவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் தெற்கத்திக்காரர்; இந்த ஊர்ப் பேச்சு பிடிபடாதவர். காலுறை பின்னிக்கொண்டே டைனா அவரிடம் சொன்னது, அம்ப்ரோஸ் கிழவரைத் தாண்டி ‘ஸ்கெல்ப்’ பண்ணிட்டுப் போனான் என்றுதான். எழுதியதை அவர் வாசித்துக் காட்டவில்லை.

“அடிச்சான்னு நான் சொல்லல ஐயா. ஸ்கெல்ப்னுதான் சொன்னேன்.”

அரசு வக்கீல் சிரித்தார். “உன் பிள்ளை சேட்டை பண்ணினா என்னம்மா குடுப்பே?”

“ஒரு ஸ்கெல்ப் குடுப்பேன்.”

“அப்படின்னா?”

“அறைதான்...”

மன்றமே சிரித்தது. முன் பெஞ்சில் அம்ப்ரோஸின் மனைவி ஆக்னஸ் மட்டும் சால்வை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கிழவர் செத்தால் தூக்கு. பிழைத்தாலும் ஏழு வருஷம்.

டைனா விடவில்லை. “பிள்ளைக்குன்னா அறை. வழியில போறவனுக்குன்னா ஓட்டம், ஐயா.”

“ஓடினான்னே சொல்லியிருக்கலாமே?”

“எந்த ஓட்டம்னு சொல்ல வேணாமா? எலி மாதிரி குடுகுடுன்னு போனா ஸ்கட்டர். ஒரே தாவாத் தாவினா ஸ்பாங். காலடி பளார் பளார்னு தரையில விழ, தலைதெறிக்கப் போனாத்தான் ஸ்கெல்ப். அன்னிக்கு அறை வாங்கினது பாலத்துக் கல்லுதான். அவன் போன பிறகும் கிழவர் நாலடி நடந்தாரு. அப்புறந்தான் பனியில வழுக்கி, சுவத்துல மண்டை மோதுச்சு.”

நீதிபதி வாசற்காவலரைத் திரும்பிப் பார்த்தார். அவரும் டைனாவின் வட்டாரத்து ஆள்.

“நாங்களும் அப்படித்தாங்க சொல்லுவோம்” என்றார் காவலர்.

டைனா மூச்சு விட்டாள். அதற்குள் நீதிபதி அடுத்ததைக் கேட்டார். “சரி, அவன் எதுக்கு அப்படி ஓடணும்?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அம்ப்ரோஸின் கோட்டுக்குள்ளிருந்து இரண்டு நீளக் காதுகள் எட்டிப் பார்த்தது அவள் கண்ணில் நின்றது. மேட்டு நிலத்துப் பிரபுவின் முயல்; அங்கே திருட்டு வேட்டையாடுவது குற்றம். பிரபுவின் காவலாள் இதோ பின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். சொன்னால் சிறை. சொல்லாவிட்டால், குற்றவாளி தப்பி ஓடினான் என்றாகிவிடும்.

குற்றவாளிக் கூண்டிலிருந்து அம்ப்ரோஸே கத்தினான். “சொல்லிடு டைனாக்கா! முயலுக்கு எவனையும் தூக்குல போடமாட்டான்!”

சொல்லிவிட்டாள்.

அடித்த வழக்கு தள்ளுபடியானது. முயலுக்கு மூன்று மாதம் சிறை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் ஆக்னஸ் சற்று முன்னாலேயே நடந்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று கேட்க டைனாவுக்குத் தைரியம் வரவில்லை. பாலம் வந்ததும் ஆக்னஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பார்த்து வா. வழுக்குது” என்றாள்.